ஐந்து டாலர் கூலியும் அந்நியமாதலும்: சம்பளம் ஏறினால் தீருமா?

மண்வெட்டி:

வேறொரு இழையில் ஒரு நண்பர், "அந்நியமாதல் அந்நியமாதல் என்று நீட்டி முழக்குகிறீர்களே, அது வேலை பிடிக்காதவன் புலம்பல்தானே, நாலு காசு சேர்த்துக் கொடுத்தால் தானாக அடங்கிவிடும்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசை திரும்பிவிடும், அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன். நீளம்தான், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

1844ல் பாரிஸில் உட்கார்ந்து 26 வயது மார்க்ஸ் அந்நியமாதல் என்று நோட்டில் எழுதிவைத்தது மனச்சோர்வைப் பற்றி அல்ல. (அந்த நோட்டுகள் முழுமையாக அச்சேறியது 1932ல்தான், அதாவது அவர் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து.) தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்யச் செய்ய அவன் கையை விட்டுப் போன செல்வம் பெருத்துக்கொண்டே போகிறது, அந்தச் செல்வம் மறுநாள் காலையில் இயந்திரமாகவும் மேஸ்திரியாகவும் அவன் எதிரே வந்து நின்று "இன்னும் வேகமா" என்கிறது, இது எப்படி நடக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. செய்த பொருள் அவனுடையது இல்லை. செய்யும் முறையும் வேகமும் அவன் கையில் இல்லை. யோசித்து, திட்டமிட்டு ஒன்றை உருவாக்கும் மனித குணமே வயிற்றுப்பாட்டுக்கான கருவியாகச் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவன் போட்டியாளன் ஆகிறான். சிரித்த முகத்தோடு வேலை பார்ப்பவனுக்கும் இத்தனையும் பொருந்தும். அதனால் "எனக்கு என் வேலை பிடிக்குமே" என்று சொல்வது இதற்குப் பதிலாகாது.

சரி, நாலு காசு வாதத்துக்கு வருவோம். அதை ஒருவர் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார். ஹென்றி ஃபோர்டு, அமெரிக்கக் கார் முதலாளி.

டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலை, 1913. அதுவரை எஞ்சினில் சேரும் மேக்னெட்டோவை (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) ஒரே ஆள் முழுதாகப் பூட்டுவார். ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம். அந்த வேலையை 29 துண்டாக்கி வரிசையில் ஆள் நிறுத்தினார்கள், ஒன்றைப் பூட்டும் நேரம் 13 நிமிடம் 10 விநாடிக்கு இறங்கியது. அடுத்த வருஷம் வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் தூக்கினார்கள், குனிய வேண்டியதில்லை என்பதால் 7 நிமிடம். பிறகு ஓட்டத்தின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து 5 நிமிடம். சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், முழுதும் பூட்ட 12 மணி 28 நிமிடம் பிடித்தது 1 மணி 33 நிமிடத்தில் முடிந்தது. இதெல்லாம் ஃபோர்டே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கணக்கு.

பெருமைப்பட முடியாத கணக்கு ஒன்றும் இருந்தது. அந்த 1913ல் வேலையை விட்டு ஆள் போய்ப் புது ஆள் வரும் ஓட்டம் 370 சதவீதம்! சுமார் 14,000 பேர் வேலையில் நிற்க வேண்டுமென்றால் வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. சங்கம் கிடையாது, கொடி கிடையாது. நாளைக்கு வரமாட்டான், அவ்வளவுதான். 1914 ஜனவரியில் ஃபோர்டு தினக்கூலியை ஐந்து டாலர் என்று அறிவித்தார், அதற்கு முன்னால் 2.34 டாலர்தான். வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. கேட் முன்னால் ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டத்தை, டெட்ராய்ட்டின் ஜனவரிக் குளிரில், குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்தார்கள்.

பலர் இதோடு கதையை நிறுத்திவிட்டு "பாருங்கள், முதலாளித்துவம் தன்னையே திருத்திக்கொண்டது" என்பார்கள். ஆனால் அந்த ஐந்தில் ஏறக்குறைய பாதி கூலியே இல்லை, "லாபப் பங்கு". அது கிடைக்கத் தகுதி வேண்டும். சமூகவியல் துறை என்று ஒன்றை வைத்து வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள்: வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறானா, சேமிக்கிறானா, வாடகைக்கு ஆட்களை உள்ளே தங்கவைத்திருக்கிறானா. வேலையில் கை வைத்த மேஸ்திரி இப்போது சமையலறை வரைக்கும் வந்துவிட்டான். காசு பலித்தது, மறுக்கவில்லை. ஆள் நின்றான். ஆனால் எதை விற்று நின்றான் என்பதைப் பாருங்கள். அவனிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் "நான் போறேன்" என்று சொல்வது, அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

பனியன்பட்டறை:

அண்ணே, எழுதினது நல்லா இருக்கு, ஆனால் முதலாளி என்று எல்லாரையும் ஒரே கட்டில் கட்டாதீர்கள். திருப்பூர் பக்கம் எக்ஸ்போர்ட்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் என்று தையல் மெஷின்கள், கைமடி, செக்கிங், பாதிக்கு மேல் பீஸ் ரேட்தான், அதாவது எத்தனை பீஸோ அத்தனைக்குக் கூலி. ஒரு டெய்லர் காலையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் முடியும்வரை தோள் ஜாயின்ட் மட்டும் அடிக்கிறார், அதைக் கழுத்துப் பட்டி வைப்பவரிடம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறார், நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டார், பார்த்தால் பீஸ் குறையும். முழு டி-சர்ட்டையும் ஒரே ஆளாகத் தைப்பது சாம்பிள் ரூமில்தான். இதெல்லாம் நீங்கள் சொன்ன 29 துண்டுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ரேட் போடுவது யார்? எக்ஸ்போர்ட்டர். அவருக்கு? எங்கேயோ இருக்கும் பையர். நூல் விலை ஏறினால் எனக்குத்தான் இடிக்கும், ஷிப்மென்ட் தேதி தவறினால் ஏர் கார்கோ செலவு மேலே இருந்து உருண்டு உருண்டு என் தலையில் வந்து விழும். நான் யாரை ஆளுகிறேன், சொல்லுங்கள்? தூங்கி எழுந்தால் முதலில் பார்ப்பது டெலிவரி தேதியைத்தான். நானும் அந்நியமானவன்தானே?

மண்வெட்டி:

ஆமாம், நீங்களும்தான். இதை நான் தாராள மனசில் சொல்லவில்லை, அவர்களே சொன்னது. மார்க்ஸும் எங்கெல்ஸும் சேர்ந்து 1845ல் வெளியிட்ட முதல் புத்தகத்திலேயே வருகிறது: சொத்துள்ள வர்க்கமும் இல்லாத வர்க்கமும் ஒரே அந்நியமாதலுக்குள்தான் இருக்கின்றன, ஆனால் முதலாவது அதற்குள் சௌகரியமாக உணர்கிறது, அதைத் தன் பலம் என்று நினைக்கிறது, இரண்டாவது அதில் அழிகிறது. எங்கெல்ஸ் இதைத் தூரத்தில் நின்று எழுதவில்லை, குடும்பத்துக்குப் பங்குள்ள மான்செஸ்டர் பருத்திக் கம்பெனியில் ஏறக்குறைய இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

உங்கள் கெட்ட குணத்தால் ரேட் குறையவில்லை, எதிர் யூனிட்காரர் குறைத்துக் கேட்டதால் குறைந்தது. அவரும் அதையேதான் சொல்வார். ஒருவரும் தனியாக உத்தரவு போடவில்லை, எல்லாரும் கீழ்ப்படிகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தையும் மறக்க வேண்டாம்: நஷ்டம் வந்தால் உங்களிடம் விற்க மெஷின் இருக்கிறது, டெய்லரிடம் விற்க நாளைய பகல் மட்டும்தான்.

பழையபுத்தகம்:

தோழர், 1844 நோட்டை இவ்வளவு தூக்கிப்பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அது ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக்கின் வாசனை வீசும் இளைஞனின் எழுத்து. பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசர் 1965லேயே கோடு போட்டுப் பிரித்துவிட்டார்: 1845க்கு முன்னால் மனிதசாரம், அதாவது மனிதனின் அடிப்படை இயல்பு, பேசிய மார்க்ஸ், அப்புறம் அமைப்பைப் பேசிய மார்க்ஸ். உபரி மதிப்பு (தொழிலாளி உண்டாக்கியதில் கூலி போக முதலாளிக்குப் போவது) என்று அறிவியலாகப் பேச ஒரு கருவி கிடைத்த பிறகு அந்நியமாதல் எதற்கு? மனிதனுக்கு ஒரு ஆதி சாரம் இருந்தது, தொலைத்துவிட்டான், மீட்க வேண்டும் என்பது சமயக் கதை. ஏதேன் தோட்டம்.

மண்வெட்டி:

ஏதேன் தோட்டம் பற்றிய எச்சரிக்கை சரி. ஆனால் கோடு அவ்வளவு சுத்தமாக விழவில்லை ஐயா. 1867ல் வந்த மார்க்ஸின் மூலதனம் முதல் பாகத்தில் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள்: கைத்தொழிலில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகிறான், ஆலையில் இயந்திரம் அவனைப் பயன்படுத்துகிறது என்கிறார். சாரம் பற்றிய பேச்சு குறைந்தது நிஜம், ஆனால் தலைகீழ் உறவு அப்படியே நிற்கிறது, இப்போது கூலிக் கணக்கோடும் ஆலைச் சட்ட அறிக்கைகளோடும் சேர்ந்து நிற்கிறது. ஹங்கேரிய மார்க்சியர் லூகாச் 1923ல் வெளியிட்ட கட்டுரைகளில், பாரிஸ் நோட்டுகளைப் பார்க்காமலேயே, மூலதனத்தை மட்டும் வைத்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது போதாதா? உபரி மதிப்பு எவ்வளவு போகிறது என்று சொல்லும். போனது திரும்பி வந்து என்ன செய்கிறது என்று சொல்ல இது வேண்டும்.

சந்தேகப்பிராணி:

எனக்கு அந்நியமாதலில் பெரிய சண்டை இல்லை. இயங்கியல், அதாவது முரண்பாடுகள் வழியேதான் மாற்றம் வருகிறது என்ற பேச்சு, அந்தச் சொல்தான் ஒவ்வாமை. கூலி குறைந்தால் முரண்பாடு முற்றுகிறது என்பீர்கள், கூடினால் முரண்பாடு புது வடிவம் எடுக்கிறது என்பீர்கள், புரட்சி வந்தால் பார்த்தீர்களா, வராவிட்டால் இன்னும் பழுக்கவில்லை. தத்துவவாதி கார்ல் பாப்பர் 1940லேயே இதைக் கிழித்து எழுதிவிட்டார், முரண்பாட்டை ஏற்றுக்கொண்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்று. எதனாலும் தோற்காத கோட்பாடு எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். உங்கள் ஃபோர்டு கதையில் இயங்கியல் என்ற சொல்லே வரவில்லை, அது இல்லாமலே கதை புரிகிறது. பிறகு எதற்கு?

மண்வெட்டி:

நியாயமான அடி. மேடைகளில் அந்தச் சொல்லை ஊறுகாய் மாதிரி எல்லாத்துக்கும் தொட்டுக்கொள்வதைப் பார்த்து எனக்கும் கடுப்பு வரும். அதனால் தோற்கக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய முறையில் மேக்னெட்டோ பூட்டுபவர் ஒருவர் போய்விட்டால் நஷ்டம் ஒருவருடைய உற்பத்தி. ஆனால் அவரிடம் கைத்திறன் இருந்தது, அவருக்கு மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம், அதுதான் அவர் பலம். அந்தப் பலத்தை உடைக்க வேலையை 29 துண்டாக்கினார்கள். இப்போது யாரையும் தூக்கிவிட்டு இன்னொருவரை வைக்கலாம். ஆனால் அதே வேலையால் இன்னொன்றும் நடந்தது: 29 பேரில் ஒருவர் கையைக் கட்டினால் மற்ற 28 பேரும் நிற்க வேண்டும். தனி ஆளின் பலத்தைப் பறித்த ஏற்பாடே ஒரு கூட்டுப் பலத்தை உண்டாக்கியது, உண்டாக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் இயங்கியல் என்பது இதைத்தான். இரண்டு எதிர்ச்சொற்களைப் பக்கத்தில் வைத்துக் கல்யாணம் செய்துவைப்பது அல்ல. ஒரு ஏற்பாடு தான் நிலைக்கச் செய்யும் காரியத்தாலேயே தன்னை நிறுத்தும் வழியையும் செய்துகொள்கிறதா என்று தேடுவது.

தேடினால் கிடைத்ததா? 1936 டிசம்பர் 30, மிச்சிகனில் ஃப்ளின்ட் ஊர், ஜெனரல் மோட்டார்ஸின் கார் பாடி கட்டும் ஆலைகள். தொழிலாளர்கள் வெளியே போகாமல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முக்கியக் குறைகளில் ஒன்று லைன் வேகம். உள்ளே இருப்பதால் கருங்காலி ஆட்களைக் கொண்டுவர முடியவில்லை, அடித்து விரட்டினால் விலை உயர்ந்த மெஷின் போகும். கம்பெனியின் மொத்த ஆட்களில் ஒரு சிறு பகுதிதான் உட்கார்ந்தது, ஆனால் பாடி வராமல் மற்ற ஆலைகளும் முடங்கின. 44 நாள். 1937 பிப்ரவரி 11ல் உலகின் மிகப் பெரிய கார் கம்பெனி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஃபோர்டு 1941 வரை இழுத்தடித்து அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

இது நம் பக்கமும் நடந்தது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை, 2024 செப்டம்பர் 9ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. நடுவில் அக்டோபர் 7ஆம் தேதி ஒரு தரப்புத் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட்டு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக நிர்வாகம் அறிவித்தது. இருந்தும் நிறுத்தம் தொடர்ந்தது, ஏனென்றால் முடிச்சு சங்கத்தை அங்கீகரிப்பதில் இருந்தது. மொத்தம் 37 நாள். சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்று வருவதற்கே கம்பெனி தன் வணிகப் பெயர் என்று ஆட்சேபம் சொன்னது, பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. ஒவ்வொரு ஃபிரிட்ஜிலும் அந்தப் பெயர் வெளியே போவது யார் கையால்? அந்தக் கைக்கு அந்தப் பெயரை எழுதிக்கொள்ள உரிமை இருக்கிறதா என்று வழக்கு. செய்த பொருள் செய்தவனுக்கு எதிரே அந்நியமாக நிற்பது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணத்தை நான் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சந்தேகப்பிராணி:

ஃப்ளின்ட் வாதம் பரவாயில்லை, அதைப் பிடித்துப் பேசலாம். ஆனால் அடுத்த காட்சியையும் சொல்லுங்கள். லைன் நின்றால் கம்பெனி ஊரைவிட்டே போகும். ஃபோர்டு 2021ல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த வருஷம் மறைமலை நகரில் லைன் நின்றுபோனது. ஓடாத லைனை யார் நிறுத்துவது? கடைசியில் அங்கிருந்தவர்கள் கேட்க முடிந்தது கூடுதல் இழப்பீடு. கூட்டுப் பலம் எங்கே போனது?

தறிவீடு:

இத்தனை பேச்சிலும் ஒன்று இடிக்கிறது. "ஒரே ஆள் முழுதாகச் செய்தார், அவருக்குக் கைத்திறன் இருந்தது" என்று நீங்கள் எழுதும்போது ஒரு பெருமூச்சு கேட்கிறது. நான் பட்டுத்தறி வீட்டில் வளர்ந்தவள். பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்), ஜரிகை, கோர்வை எல்லாம் வீட்டுக்குள்ளேயே. முழுச் சேலையும் எங்கள் கையில்தான் பிறந்தது, முந்தியில் அப்பா போடும் வேலைப்பாட்டை அவர் பெயர் சொல்லாமலே தெரு கண்டுபிடிக்கும். மார்க்ஸ் கணக்குப்படி துண்டு துண்டாகாத வேலை. ஆனால் நெய்பவர் கால் இறக்கி உட்காரும் தறிக்குழியில் யார் இறங்க வேண்டும் என்பது பிறப்பதற்கு முன்னாலேயே முடிவாகியிருந்தது. பெண்கள் பாவு சுற்றிக் கொடுத்தது வேலையாகவே கணக்கில் வராது, கூலி அப்பா பெயரில் ஒற்றைத் தொகை, அதிலும் பாவு கொடுத்த முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழிந்துதான் வரும்.

அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார், சாதி வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று. தான் செய்யும் வேலையைத் தான் தேர்ந்தெடுக்கவில்லை என்பது அந்நியமாதல் இல்லையா? அதற்கு ஆலையும் முதலாளித்துவமும் வேண்டியிருக்கவில்லையே. என் அண்ணன் குழியை விட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி லைனுக்குப் போனபோது வீட்டில் யாரும் அழவில்லை. பக்கத்தில் நிற்பவன் என்ன சாதி என்று லைன் கேட்காது என்றான். (அப்புறம் கேன்டீனில் கேட்டார்கள், அது வேறு கதை.)

மண்வெட்டி:

இந்தப் பதிவு இந்த இழையில் நான் எழுதியதைவிட முக்கியம். பழைய கைத்தொழிலுக்குத் திரும்பு என்று மார்க்ஸ் சொல்லவில்லை, சொன்னவர்களைக் கிண்டல் செய்தார். கூலித்தொழிலாளி இரண்டு அர்த்தத்தில் சுதந்திரமானவன் என்பார்: யாருக்கும் அடிமை இல்லை, கையில் கருவியும் இல்லை. உங்கள் அண்ணன் குழியிலிருந்து வெளியே வந்தது நிஜமான விடுதலை, லைனில் மாட்டிக்கொண்டதும் நிஜம், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டது அதையும் தாண்டிப் போகிறது. பாவு சுற்றிய பெண்ணுக்குக் கூலிகூட இல்லாதபோது அவளிடமிருந்து பிரிந்து போனது என்ன என்பதற்கு பாரிஸ் நோட்டில் பதில் இல்லை, அதை நம் பக்கத்து எழுத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சொத்தை அரசு எடுத்துக்கொண்டால் எல்லாம் தீரும் என்பதையும் இங்கேயே ஓரம் கட்டிவிடலாம். லெனின் 1918லேயே அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரின் (தையல்காரர் இல்லை) வேலையை நேரம் பார்த்து அளக்கும் முறையை முயன்று பார்க்க வேண்டும் என்றார், 1929ல் சோவியத் அரசு ஃபோர்டோடே ஒப்பந்தம் போட்டு நிஷ்னி நோவ்கரோட்டில் கார் ஆலை கட்டியது. முதலாளி போனார், லைன் வேகத்தைத் தீர்மானிக்கும் நாற்காலி மட்டும் போகவில்லை.

சந்தேகப்பிராணி கேட்டது: ஆமாம், லைன் போகும். அது தோல்விதான், அதை "இன்னும் பழுக்கவில்லை" என்று பூசி மெழுகப் போவதில்லை. கூட்டுப் பலம் ஆலை இருக்கும் இடத்தில் மட்டும்தான், முதலீடு அந்த இடத்தில் கட்டுண்டு இல்லை.

இரவுஷிப்ட்:

எல்லாரும் லைன், கேட் என்கிறீர்கள். நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன், எனக்கு இரண்டுமே இல்லை. மேஸ்திரி கிடையாது, யாரும் திட்டுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் லாகின், லாகவுட். "நீங்களே பாஸ்" என்றுதான் சேர்த்தார்கள். ஆனால் இன்சென்டிவுக்கு இன்னும் இரண்டு ஆர்டர் என்ற இடத்தில் வந்து போன் அடிக்கவே அடிக்காது, ஏன் என்று யாரைக் கேட்பது? ஒரே தூரத்துக்கு எனக்கு ஒரு ரேட், பக்கத்தில் நிற்பவனுக்கு வேறு. ஐடி பிளாக் ஆனால் சாட்டில் ஒரு மெஷின் மன்னிப்புக் கேட்கும். நானும் மழையில் நின்று யோசித்திருக்கிறேன், கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. மார்க்ஸ் இதற்கு ஏதாவது சொன்னாரா, இல்லை அந்த மேக்னெட்டோ மட்டும்தானா?

மண்வெட்டி:

சொன்னார் தம்பி. மூலதனத்தில் பீஸ் ரேட் பற்றி ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. பீஸ் கணக்கில் கூலி கொடுத்தால் மேற்பார்வை பெரும்பாலும் தேவையே படாது, கூலியின் வடிவமே மேஸ்திரி வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆள் தன்னைத்தானே விரட்டிக்கொள்வான், அதைச் சுதந்திரம் என்றும் உணர்வான் என்கிறார். அதனால்தான் முதலாளித்துவத்துக்கு மிகவும் பொருந்திய கூலி வடிவம் என்று அதைச் சொன்னார். பனியன்பட்டறை அண்ணனின் டெய்லர் நிமிராமல் தைப்பதும் நீங்கள் சிக்னலில் முறுக்குவதும் ஒரே அத்தியாயம். உங்களிடம் புதிதாக இருப்பது ரேட் அட்டைகூடக் கண்ணில் படாதது. டெய்லருக்குத் தோள் ஜாயின்ட் என்ன ரேட் என்றாவது தெரியும். உங்கள் ஒவ்வொரு ஓட்டத்தின் தடமும் அந்த மென்பொருளுக்குத் தீனி, அது கற்றுக்கொண்டு உங்களுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுப்பீர்கள் என்று கணக்குப் போடுகிறது. கோபத்துக்கு முகம் கிடைக்காததும் இதனால்தான்.

பனியன்பட்டறை:

ரேட் அட்டை விஷயம் சரியான பாயின்ட். எங்கள் யூனிட்டில் ரேட் ஒட்டாமல் ஒரு நாள் வேலை வாங்க முடியாது, மெஷினை விட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

சந்தேகப்பிராணி:

சரி, முதல் இழைக்காரர் சொன்னதற்கே வருகிறேன். எது நடந்தால் நீங்கள் தோற்றீர்கள் என்று ஒத்துக்கொள்வீர்கள்? அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

மண்வெட்டி:

சொல்கிறேன். ஸ்வீடனில் வால்வோ 1974ல் கால்மாரில் ஓடும் லைன் இல்லாமல் குழுக் குழுவாகக் கார் பூட்டும் ஆலை கட்டியது, 1989ல் உட்டேவல்லாவில் இன்னும் தூரம் போய், ஒரு சின்னக் குழு முழுக் காரையும் பூட்டியது. இரண்டும் 1994க்குள் மூடப்பட்டன, ஏன் என்று இன்றும் சண்டை நடக்கிறது. கார் செய்ய லைன் ஒன்றுதான் வழி என்பது பொய் என்று அது காட்டியது. ஆனால் மூடும் முடிவு அந்தக் குழுக்களிடம் இல்லை.

அதனால் என் பந்தயம் இது. டெலிவரி ஆட்களிடம் ரேட் கணக்கைத் திறந்து காட்டுங்கள், ஐடி பிளாக் செய்வதில் அவர்களில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஓட்டுக் கொடுங்கள், சம்பளத்தை இப்போது இருப்பதிலேயே வைத்திருங்கள். இன்னொரு ஊரில் எதையும் திறக்காமல் காசை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். இரண்டாவது ஊரில் சண்டை ஓய்ந்து ஓய்ந்தபடியே இருந்தால், பத்து வருஷம் கழித்தும் யாரும் "ஏன் என்னைக் கேட்கவில்லை" என்று கேட்காமல் இருந்தால், நான் தோற்றேன், நீங்கள் இந்த இழையைத் தோண்டி எடுத்து மேலே கொண்டுவரலாம்.

இரவுஷிப்ட்:

முதல் ஊர் எங்கே என்று சொல்லுங்கள், நான் போகிறேன். காசு இரட்டிப்பு என்றால் இரண்டாவதுக்கும் ஒரு மாதம் போய்விட்டு வருவேன் :)